டியூப் லைட்டை எல்.ஈ.டி.க்கு மாற்றுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

திருகோணமலையில் கொஞ்சம் வயசான கந்தோர், கடை, பட்டறை எதற்குள் போனாலும் மேலே இருப்பது நாலடி டியூப் லைட்தான். வெள்ளைத் தகரப் பெட்டி, இரண்டு பக்கமும் மஞ்சளாகிப்போன ஹோல்டர், நடுவில் பெருவிரல் மொத்தத்தில் ஒரு ஸ்டார்ட்டர். டொக்யார்ட் வீதி மாதிரிக் கடல் காற்றுப் படுகிற இடமென்றால் தகரத்தின் ஓரத்தில் துருவும் ஏறியிருக்கும். இதையெல்லாம் எல்.ஈ.டி.க்கு மாற்றினால் நல்லது என்று கரண்ட் பில் வருகிற ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் சொல்வார். கடைசியில் ஒருநாள் கந்தோரில் இளையவராகப் பார்த்து ஒருவரை ஹார்ட்வெயார் கடைக்கு அனுப்புவார்கள். அங்கே நடக்கிற பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்:

"அண்ணை, பழைய டியூப்பைக் கழட்டிப்போட்டு இதைக் கொளுவினால் சரியோ?"

"ஓம் தம்பி, அப்பிடியே கொளுவலாம். ஸ்டார்ட்டரை மட்டும் கழட்டி விடுங்கோ."

சில டியூப்களுக்கு இந்தப் பதில் சரி. சில டியூப்கள் அப்படிக் கொளுவினால் எரியவே எரியாது. பெட்டிக்குள் இருக்கிற வயரை முன்பு யாரோ மாற்றி வைத்திருந்தால், சுவிட்சைப் போட்ட உடனே பிரேக்கர் விழவும் கூடும். பழைய டியூப்பும் புதிய டியூப்பும் நீளத்தில் ஒன்று, ஊசிகள் ஒன்று, ஹோல்டரும் ஒன்று. வேலை செய்கிற விதம் மட்டும் முழுக்க வேறு. ஆகவே டியூப்பை வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தத் தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

பழைய டியூப் எப்படி எரிகிறது?

புளோரசன்ட் டியூப்புக்குள் கொஞ்சம் ஆர்கன் வாயுவும் மிகக் கொஞ்சம் பாதரசமும் இருக்கும். மின்சாரம் அதற்குள்ளால் பாயும்போது பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை விடும். கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கிற வெள்ளைப் பவுடர் அந்தக் கதிரை வாங்கி, நாம் பார்க்கிற வெளிச்சமாக மாற்றும்.

இதில் இரண்டு சிக்கல். எரியாமல் கிடக்கிற டியூப்புக்குள்ளால் சும்மா 230 வோல்ட் கொடுத்தால் மின்சாரம் பாயாது. தொடக்கத்தில் ஒரு பெரிய உதை வேண்டும். பாயத் தொடங்கிவிட்டாலோ அதுவாக நிற்காது; கட்டுப்படுத்த ஆளில்லாவிட்டால் கூடிக்கொண்டே போய் டியூப்பைக் கருக்கிவிடும். கந்தளாய்க் குளத்துக்கு மதகு இருக்கிற மாதிரி, இவ்வளவுதான் போகலாம் என்று அளந்து விட ஒன்று வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் சோக்: இரும்புத் தகடுகளில் செப்புக் கம்பி சுற்றிய, கையில் எடுத்தால் கனமான அந்தக் கட்டை.

ஸ்டார்ட்டருக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழும் அதற்குள் வளைகிற உலோகத் தகடும் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் தகடு சூடாகி வளைந்து மற்றக் கம்பியில் முட்டும். டியூப்பின் இரு முனையிலும் உள்ள இழைகளுக்கு மின்சாரம் போய் அவை சூடாகும். கொஞ்ச நேரத்தில் தகடு ஆறி விலகும்போது சோக்கிலிருந்து பெரிய வோல்டேஜ் ஒன்று கிளம்பி டியூப்பை எரிய வைக்கும். காலையில் கந்தோர் திறந்ததும் டியூப் இரண்டு மூன்று தரம் கண் சிமிட்டுவது இந்த முயற்சிதான். எரிந்த பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலையே இல்லை.

சோக் சும்மா இருப்பதில்லை, அதுவும் சூடாகும். 36 வாட் என்று எழுதியிருக்கிற டியூப், சோக்கையும் சேர்த்தால் 45 வாட் அளவில் இழுக்கும். இந்த 9 வாட் யாருக்கும் வெளிச்சம் தராமல் கூரைக்கு அடியில் சூடாகப் போகிறது.

எல்.ஈ.டி. டியூப்புக்குள் இந்தக் கதை எதுவும் இல்லை. நீள அட்டையொன்றில் சின்னச் சின்ன எல்.ஈ.டி.கள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவை உண்மையில் நீல வெளிச்சம் விடுபவை. மேலே பூசிய மஞ்சள் பவுடர் அதன் ஒரு பகுதியை மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. நல்ல பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் செய்வதற்கே உலகம் பல வருடம் தவித்தது. அதைச் செய்து காட்டிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு முக்கியமான பகுதி டியூப்பின் முனையில் ஒளிந்திருக்கிற டிரைவர். 230 வோல்ட் மாறுமின்னை எல்.ஈ.டி.களுக்கு ஏற்ற நேர்மின்னாக்கி, அளவோடு கொடுப்பது அதன் வேலை. மதகை டியூப்பே கூடக் கொண்டுவந்துவிடுகிறது. சோக்கும் ஸ்டார்ட்டரும் இப்போது தேவையில்லை. ஆனால் பெட்டிக்குள் அவை இன்னும் இருக்கின்றனவே? அவற்றை என்ன செய்வது என்பதில்தான் டியூப்கள் வகை பிரிகின்றன.

எந்த வகையை வாங்கினீர்கள்?

முதலில் பெட்டியைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் இருந்தால் உள்ளே இருப்பது பழைய இரும்புச் சோக். ஸ்டார்ட்டர் இல்லாமல், சுவிட்ச் போட்டதும் சிமிட்டாமல் எரிந்தால் அநேகமாக எலக்ட்ரோனிக் சோக். டியூப் ஒரு அங்குல மொத்தமென்றால் டி8, அதைவிடத் தடிப்பாக ஒன்றரை அங்குலமென்றால் டி12. இரண்டுக்கும் ஒரே ஹோல்டர்தான். விரல் மாதிரி மெல்லிசாக இருந்தால் டி5. அதன் நீளமும் ஊசி இடைவெளியும் வேறு, டி8 எல்.ஈ.டி. அதற்குப் பொருந்தாது.

இரும்புச் சோக் உள்ள பெட்டிக்கென்று ஒரு வகை இருக்கிறது. டியூப் வருகிற மட்டைப் பெட்டிக்குள் ஸ்டார்ட்டர் மாதிரியே ஒரு குட்டிச் சாமானும் இருக்கும். அதைப் போலி ஸ்டார்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெறும் பியூஸ் கம்பி. பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி இதைச் செருகி, டியூப்பையும் மாற்றினால் வேலை முடிந்தது, வயரில் கை வைக்கத் தேவையில்லை. கடைக்காரர் சொன்னபடி ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு இடத்தை வெறுமனே விட்டால் இந்த வகை எரியாது, ஏனென்றால் மின்சாரம் மறுபக்கம் போவதே அந்த வழியால்தான். பழைய ஸ்டார்ட்டரை அப்படியே விட்டால் மின்னிக்கொண்டு கிடக்கும். இந்த வகையின் குறை, சோக் சுற்றிலேயே இருப்பது. கொஞ்ச மின்சாரத்தை அது தொடர்ந்து தின்னும். பழசாகி இரைகிற சோக் இனியும் இரையும்.

அடுத்தது நேரடியாக 230 வோல்ட்டில் வேலை செய்யும் வகை. இதற்குச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் சுற்றிலிருந்து எடுத்துவிட்டு, மெயின் வயரை நேரே ஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் உருளையாக ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். வேலை கொஞ்சம் கூட, ஆனால் பிறகு பழுதாக உள்ளே எதுவுமில்லை. கந்தோர் முழுக்க மாற்றுவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு நிபந்தனை: வயரிங் படித்தவர் செய்ய வேண்டும். ஏணி பிடிக்கத் தெரிந்தவர் எல்லாம் வயர்மன் ஆக முடியாது.

நேரடி வகையிலும் இரண்டு பிரிவு. சில டியூப்புக்கு லைனும் (கரண்ட் வருகிற வயர்) நியூட்ரலும் (திரும்பிப் போகிற வயர்) ஒரே முனையில் போகும். சிலவற்றுக்கு ஒரு முனையில் லைன், மற்ற முனையில் நியூட்ரல். டியூப்பின் ஓரத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் எழுத்தும் சின்னப் படமும் அச்சிட்டிருக்கும். ஒரு முனை வகையென்றால் கரண்ட் போகிற பக்கத்தில் "எல்", "என்" என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். இதைப் பார்க்காமல் திருப்பிக் கொளுவினால் பல டியூப்களில் நேரே ஷோட் ஆகும், ஏனென்றால் மற்ற முனையின் இரண்டு ஊசியும் உள்ளுக்குள் ஒன்றாக இணைத்திருக்கும். இரு முனை வகையில் ஆபத்து வேறு மாதிரி. ஒரு பக்கத்தைக் கொளுவிவிட்டு மறுபக்கத்து ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, டியூப்புக்குள்ளால் கரண்ட் உங்கள் கைக்கு வரலாம். சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பழைய கட்டடங்களில் சுவிட்ச் லைனில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு. அப்படியென்றால் சுவிட்சை நிறுத்தினாலும் பெட்டிக்குள் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். பிரேக்கரை விழுத்தி, டெஸ்டரால் பார்த்த பிறகே ஏணியில் ஏற வேண்டும்.

(அந்தச் சுவிட்சை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்.ஈ.டி. போட்ட பிறகு சுவிட்ச் நிறுத்தியும் இரவில் டியூப் மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பேய் இல்லை.)

எலக்ட்ரோனிக் சோக்கோடு சேர்ந்து வேலை செய்கிற டியூப்களும் கிடைக்கின்றன. எந்தச் சோக்குக்கு எது ஒத்துப்போகும் என்று தயாரிப்பாளரின் பட்டியலைப் பார்க்க வேண்டும், சோக் செத்தால் டியூப்பும் இருட்டு. நம் ஊரில் அந்தச் சோக்கை எடுத்துவிட்டு நேரடி வகைக்குப் போவது சுலபம்.

பெட்டியே துருப்பிடித்து, ஹோல்டர் தொட்டாலே உடைகிற நிலையில் இருந்தால் இந்த யோசனை எதுவும் வேண்டாம். பெட்டியோடு சேர்ந்த எல்.ஈ.டி. லைட்டாக வாங்கி முழுதாக மாற்றிவிடுங்கள். உப்புக் காற்றுப் படுகிற ஐஸ் கொம்பனி, மீன் வாடி போன்ற இடங்களில் நீர் புகாத மூடியோடு வருகிற வகைதான் நிலைக்கும்.

எவ்வளவு மிச்சம்?

கணக்கை நீங்களே போடலாம். 20 டியூப் உள்ள ஒரு கந்தோர். பழையது ஒன்றுக்கு 45 வாட், புதியது 18 வாட். வித்தியாசம் 27 வாட். இருபதுக்கும் சேர்த்து 540 வாட். ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம் எரிந்தால் 4.86 யூனிட். மாதத்தில் 25 நாள் வேலையென்றால் 121 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அதை உங்கள் பில்லில் ஒரு யூனிட்டுக்குப் போட்டிருக்கிற விலையால் பெருக்குங்கள். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் கிடுகிடுவென ஏறியது, பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது. பழைய விலையை வைத்துக் கணக்குப் பார்க்காமல் கடைசிப் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். டியூப்பின் விலையும் வயர்மன் கூலியும் எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது வெளியே வரும்.

இந்தக் கணக்கில் ஒரு உண்மையும் இருக்கிறது: நாளெல்லாம் எரிகிற லைட்டை மாற்றினால்தான் லாபம். ஸ்டோர் அறையில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் எரிகிற டியூப்பை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை, அது செத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாறாக, ஏ.சி. போட்ட அறைக்குத்தான் முதல் இடம். லைட்டிலிருந்து வருகிற சூட்டையும் ஏ.சி.தான் வெளியே தள்ள வேண்டும் என்பதால் அங்கே மிச்சம் இரண்டு வழியில் வரும். 2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் இன்வேர்ட்டர் வாங்கிப் போட்டவர்களுக்கும் இது பயன்: அதே பற்றரியில் இரண்டு மடங்குக்கு மேலான நேரம் லைட் எரியும்.

வெளிச்சம் போதுமா?

வாட் என்பது செலவு, லூமன் என்பது வெளிச்சம். பழைய சாதாரண 36 வாட் டியூப் புதிதில் 2500 லூமன் அளவில் தரும், நல்ல ரகம் 3300 வரை. 18 வாட் எல்.ஈ.டி. பொதுவாக 1800 முதல் 2000. குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் பழையது சுற்றிவர எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். பாதி மேலே போய் ஒட்டடை பிடித்த கூரையில் வீணாகும். எல்.ஈ.டி. கீழ்ப்பக்கமாக விடுவதால் மேசையில் விழுகிற வெளிச்சம் அநேகமாக ஒன்றுதான். கூரையும் சுவரின் மேல்பகுதியும் மட்டும் கொஞ்சம் இருண்டு தெரியும். வாசிக்கிற, எழுதுகிற மேசைக்கு 500 லக்ஸ் (ஒரு இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) என்பது சர்வதேசத் தரம். ஃபோனில் உள்ள லக்ஸ் மீட்டரால் மாற்றுமுன் ஒரு தரம், மாற்றிய பின் ஒரு தரம் பாருங்கள். அந்த எண் துல்லியமாக இருக்காது, ஆனால் கூடியதா குறைந்ததா என்று காட்டும். வாட்டை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், லூமன் எழுதாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

நிறத்தில் எங்கள் ஆட்களுக்கு 6500 கெல்வின்தான் பிடிக்கும், அந்த நீலம் கலந்த வெள்ளை. கணக்கு வேலை நடக்கிற கந்தோருக்கு 4000 கெல்வின் கண்ணுக்கு இன்னும் இதமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். புடவைக் கடை, தையல் கடை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100க்கு ஒரு எண் போட்டிருப்பார்கள். 80க்குக் கீழே போனால், கடைக்குள் அரக்காகத் தெரிந்த சேலை வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாகி வாடிக்கையாளரோடு வாக்குவாதம் வரும்.

மரக்காலை, லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரும்புச் சோக்கில் எரிகிற டியூப் செக்கனுக்கு 100 தரம் மங்கிப் பிரகாசிக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுழல்கிற வாளோ சக்கரமோ அந்த வேகத்தோடு ஒத்துப்போனால், ஓடிக்கொண்டிருப்பது நிற்பது போலத் தெரியும். கை வைத்தால் போச்சு. நல்ல டிரைவர் உள்ள எல்.ஈ.டி. இந்த ஆபத்தைக் குறைக்கும், மலிவு டிரைவர் அப்படியே கொண்டுவரும். கடையிலேயே எரிய வைத்து, ஃபோன் கமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் துடிப்பது தெரிந்தால் அந்த டியூப் மெஷின் இருக்கிற இடத்துக்குச் சரிவராது.

வெயிலும் இடியும்

டியூப் வருகிற மட்டைப் பெட்டியில் 25,000 மணித்தியாலம், 30,000 மணித்தியாலம் என்று எழுதியிருப்பார்கள். எல்.ஈ.டி. அவ்வளவு ஓடும். ஆனால் முதலில் சாவது டிரைவர், அதிலும் அதற்குள் இருக்கிற சின்னக் கெப்பாசிட்டர். அதற்கு எதிரி சூடு. கச்சான் காற்று அடிக்கிற வெயில் மாதங்களில் தகரக் கூரைக்கு ஒட்டினாற்போலப் பூட்டிய டியூப் சொன்ன காலத்துக்கு நிற்காது. முடிந்தால் கொஞ்சம் கீழே இறக்கிப் பூட்டுங்கள். மற்ற எதிரி இடி. ஏப்ரல் பக்கமும் வாடைக்கு முன்னும் இடி மின்னல் வரும்போது லைனில் ஏறுகிற அதிவோல்டேஜ் பழைய இரும்புச் சோக்கைப் பெரிதாகப் பாதிக்காது, டிரைவரை ஒரே அடியில் முடித்துவிடும். மெயின் போர்டில் அந்த அதிவோல்டேஜைத் தடுக்கிற சேர்ஜ் புரொடெக்டர் ஒன்று போடுவது இருபது டியூப்பைக் காப்பாற்றும். வரண்டி அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றியதை என்ன செய்வது?

பழைய டியூப் ஒவ்வொன்றுக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பாதரசப் பாவனையைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 இல் கூடி, நீள புளோரசன்ட் டியூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்த முடிவு செய்தன. இலங்கையும் அதில் ஒரு நாடு. ஆகவே இன்னும் கொஞ்ச காலத்தில் பழைய டியூப் வாங்க நினைத்தாலும் கிடைப்பது கஷ்டம்.

கழற்றியவற்றை உடைக்காமல், புதிய டியூப் வந்த மட்டைப் பெட்டிக்குள்ளேயே அடுக்கி, மின்கழிவு சேகரிக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். சாதாரணக் குப்பையோடு வீதியில் வைத்தால் வண்டிக்குள் போய் நொறுங்கும். கந்தோருக்குள் ஒன்று விழுந்து உடைந்தால் ஜன்னலைத் திறந்து, ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்தி, எல்லோரும் கால் மணித்தியாலம் வெளியே நில்லுங்கள். பிறகு தும்புத்தடியால் கூட்டாமல், தடித்த மட்டையால் துண்டுகளை அள்ளி, ஈரக் கடதாசியால் துடைத்து, மூடியுள்ள போத்தலில் போடுங்கள். சோக்கில் செம்பு இருக்கிறது, பழைய இரும்பு வாங்குபவர் சந்தோஷமாக எடுப்பார்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் "எல்.ஈ.டி. மட்டும்" என்று அழியாத பேனையால் எழுதி, எந்த முனையில் கரண்ட் வருகிறது என்றும் குறித்துவிடுங்கள். வயர் மாற்றிய பெட்டியில் பிறகு யாராவது பழைய புளோரசன்ட் டியூப்பைக் கொளுவினால், ஒரு முனை வகையில் முழு 230 வோல்ட்டும் அதன் இழைக்குப் போய் அந்த இடத்திலேயே எரியும். போலி ஸ்டார்ட்டர் உள்ள பெட்டியென்றால் இரண்டு முனையும் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்குமே தவிர டியூப் எரியாது. அதனால் ஸ்டோர் அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிற பழைய ஸ்பெயார் டியூப்களையும் அதே நாளில் வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் இப்போது போட்ட அதே வகையில் இரண்டு எல்.ஈ.டி. டியூப்பை வையுங்கள்.